பிழை எண் 37

ஆன்லைன் விளையாட்டு இணைய மறுத்தால் எல்லோரும் முதலில் வீட்டு மோடத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். பழுது கடல் கடந்தும் இருக்கலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு இன்னும் ஒரு ராத்திரி பெரிய விஷயமில்லைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பிறகும் வாசலிலேயே நிற்க வேண்டுமென்றால்?

அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் 'டயாப்ளோ 2'ஐ வெளியிட்டது 2000-இல். அடுத்த பாகம் 2012 மே 15 அன்று வந்தது. ஆவலோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது அரக்கர்களின் தரிசனமல்ல. 'பிழை 37' என்ற அறிவிப்பு. சர்வர்களில் நெரிசல், பிறகு முயலுங்கள் என்பது அதன் சாரம்.

முதல் 24 மணி நேரத்தில் விற்றவை 35 லட்சம் பிரதிகளுக்கு மேல். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கதவைத் தட்டியதில், உள்ளே வருபவர் யார் என்று சரிபார்க்கும் சர்வர்கள் திணறின. தனியாக ஆடுபவரும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே ஆக வேண்டும் என்பதுதான் வினை. ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்றது நிறுவனம். கள்ளப் பிரதிகள் மீதுள்ள பயம் என்றனர் விமர்சகர்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் வழக்கமாக நடப்பது என்ன? மோடத்தை நாலு முறை அணைத்துப் போடுவார்கள். பிராட்பேண்ட் கம்பெனிக்குப் போன் செய்து சண்டை பிடிப்பார்கள். கடைசியில் விளையாட்டையே அழித்துவிட்டு, பல ஜிபியை மறுபடி இறக்குவார்கள். எதிர்வீடு பூட்டியிருக்க, நம் வீட்டுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுகிற கதை.

முதலில் வேறு இணையதளங்களும், வேறொரு ஆன்லைன் விளையாட்டும் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால், அதே விளையாட்டை செல்போன் டேட்டா வழியாக இணைத்துப் பாருங்கள். அதில் ஓடினால் கோளாறு உங்கள் பிராட்பேண்டிலோ, அது போகும் பாதையிலோ இருக்கிறது. இரண்டிலும் ஓடவில்லை என்றால் சந்தேகம் கம்பெனி மீதே விழ வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் சர்வர் நிலவரத்துக்கென்று தனிப் பக்கம் வைத்திருக்கின்றன. 'டவுன்டிடெக்டர்' போன்ற தளங்கள் பயனாளிகளின் புகார்களைத் தொகுத்துக் காட்டுபவை; அவை துப்பு மட்டுமே, தீர்ப்பல்ல.

இணைப்பு அறுபடாமல் ஆட்டம் மட்டும் இழுத்தால் விஷயம் வேறு. சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வையுங்கள். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். மும்பையிலிருந்து போய்த் திரும்பவே குறைந்தது 40 மில்லி வினாடி பிடிக்கும். இது பழுதல்ல, தூரம்.

கோளாறு கம்பெனியுடையது என்று தெரிந்துவிட்டால் நம் பக்கம் கைவைக்க எதுவுமில்லை. ஃபயர்வாலை அணைத்து வைப்பதும், 'சரிசெய்து தருகிறோம்' என்று வரும் முன்பின் தெரியாத லிங்க்கில் பாஸ்வேர்டைக் கொடுப்பதும் புதுத் தலைவலிக்கே வழி. உருப்படியான வேலை ஒன்று உண்டு. பிழை எண்ணோடு திரையைப் படம்பிடித்து, தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

டயாப்ளோ பட்ட பாட்டை மற்றவர்கள் பாடமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 2013 மார்ச்சில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட 'சிம்சிட்டி'க்கும் இதே கதி. நகரம் கட்டி ஆளும் விளையாட்டு அது. மேயர்கள் தங்கள் ஊருக்குள் நுழையவே வரிசையில் நின்றார்கள். அமேசான் அதன் டவுன்லோடு விற்பனையைச் சில நாள் நிறுத்தியது. சர்வர் பளுவைக் குறைக்க, ஆட்டத்தின் அதிவேக வசதியையே முடக்கியது நிறுவனம். வாங்கியவர்களுக்குச் சமாதானமாக இன்னொரு விளையாட்டு இலவசம். இணையமில்லாமல் ஆடும் வசதி வந்தது 2014 மார்ச்சில். அதாவது ஒரு வருஷம் கழித்து.

தென்கொரியர்கள் இலவசத்துக்குக் காத்திருக்கவில்லை. டயாப்ளோவுக்குப் பணம் கொடுத்தும் ஆட முடியவில்லை, பணமும் திரும்பவில்லை என்று புகார்கள் குவிந்தன. 2012 மே மாத இறுதியில் அந்நாட்டின் நியாய வர்த்தக ஆணையம் பிளிஸார்டின் கொரிய அலுவலகத்தில் சோதனை நடத்தியது. ஆட்டத்தில் 40-ஆம் நிலையைத் தாண்டாதவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று ஜூனில் இறங்கி வந்தது நிறுவனம்.

2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புகளில் டயாப்ளோ 3 இணையமில்லாமலே ஓடியது. கம்ப்யூட்டர் பதிப்புக்கு இன்றும் சர்வர் வேண்டும்.