குறைமாதக் குழந்தைக்கு மூச்சு ஏன் திணறுகிறது?

கருவிலிருக்கும் சிசுவுக்கு ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியே வருகிறது. பிறந்ததும் அந்தப் பொறுப்பு நுரையீரலுக்கு மாறுகிறது. சிக்கல் அங்கேதான்.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளுக்குள் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. நீரின் பரப்பு இழுவிசை அந்த அறைகளைச் சுருக்கப் பார்க்கும். மூச்சை விட்டதும் அவை ஈரப் பாலிதீன் பைபோல ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் பொருள். ஏறக்குறைய 24-ஆம் வாரத்தில் சுரக்கத் தொடங்கும் இது, 35-ஆம் வாரவாக்கில்தான் போதிய அளவை எட்டும். அதற்கு முன்பே பிறந்துவிட்டால், ஒவ்வொரு மூச்சுக்கும் மூடிய அறைகளைப் புதிதாகத் திறக்க வேண்டும். விலா உள்வாங்கும், முனகல் கேட்கும், குழந்தை களைத்துவிடும்.

சர்ஃபாக்டன்ட் குறைவே காரணம் என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள். ஆனால் 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் குறைமாத மகன் இரண்டே நாளில் இறந்தபோது இதற்கு மருந்தில்லை. 1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளுக்குச் செலுத்தி வெற்றி கண்டார்.

இன்று மூன்று வழிகள் கைகொடுக்கின்றன: பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி, மூக்கு வழியே தொடர்ந்து காற்றழுத்தம், தேவைப்பட்டால் மூச்சுக்குழாயில் சர்ஃபாக்டன்ட். ஆக்சிஜனை மட்டும் அளந்தே தர வேண்டும்; மிகுந்தால் விழித்திரை பாதிக்கப்படும்.