சிறுநெருஞ்சியின் லட்சணங்கள்

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையிலுள்ள சரளை மேடுகளிலும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் மதிலோரத்துப் பொட்டல்களிலும், மழை ஓய்ந்தபின் தரையோடு தரையாகப் படர்ந்து சிறிய மஞ்சள் மலர்களை விரிக்கும் செடியும், தார்ப் பாலைவனத்து மணலிலே வேரூன்றி வெயிலைத் தாங்கும் செடியும் ஒன்றே, அதாவது 1753-ல் லின்னேயஸ் டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ் என்று நாமகரணம் செய்த நம் சிறுநெருஞ்சியே என்பதைப் பலர் அறிவதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அதே பொட்டலில், அதே மஞ்சள் நிறத்தில், முட்காயும் தாங்கி யானைநெருஞ்சி என்னும் வேறொரு செடி வளர்கிறது. பேச்சு வழக்கில் இரண்டுமே நெருஞ்சியாகிவிடுவதால், நிறத்தை மட்டும் நம்புகிறவர் ஏமாறுவது நிச்சயம். செடியை நிர்ணயிப்பதில் நிறத்துக்குக் கடைசி ஸ்தானமே தரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பூவைக் கண்ணருகே கொண்டுவந்து பார்க்கவேண்டும். சிறுநெருஞ்சியில் ஐந்து இதழ்களும் ஒட்டாமல் தனித்தனியே விரிய, நடுவே பத்து மகரந்தக் காம்புகள், ஐந்து நெடியனவும் ஐந்து குறியனவுமாக நிற்கும். யானைநெருஞ்சியோ எள்ளின் குடும்பமாகையால், இதழ்கள் அடியிலே கூடிக் குழலாகிவிடும். காயில் பேதம் இன்னும் பிரத்தியட்சம். சிறுநெருஞ்சிக் காய் முதிர்ந்ததும் ஐந்து துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் இரண்டு பெரிய முள்ளும் இரண்டு சிறிய முள்ளும் ஏந்திக் கிடக்கும். செருப்பின் அடியிலும் சைக்கிள் டயரிலும் ஏறி ஊர்விட்டு ஊர் பரவும் சாமர்த்தியம் அந்த முட்களால் வந்ததே. யானைநெருஞ்சிக் காய் அப்படிப் பிரியாது. நாற்கோணமாய், மூலைக்கொரு முள்ளுடன் முழுதாகவே இருக்கும். அதன் கிளையைத் தண்ணீரில் அலசினால், தண்ணீர் முட்டையின் வெண்கருவைப்போல் குழகுழத்துவிடும்.

பூவும் காயும் இல்லாத பருவத்தில் இலையே பிரமாணம். குறுந்தொகையின் 202-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், இலையின் சிறுமையைச் சொன்ன பிறகே நெருஞ்சியின் மலருக்கும் முள்ளுக்கும் வருகிறார். அந்தச் சூட்சும திருஷ்டியை நான் மிகவும் போற்றுகிறேன். யானைநெருஞ்சிக்குச் சதைப்பற்றோடு கூடிய, விளிம்பு வெட்டுண்ட தனியிலை. சிறுநெருஞ்சிக்கோ புளியிலையின் ஜாடையில் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள். அதிலும் ஒரு விசேஷம்: கணுவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைகளில் ஒன்று நீண்டும் மற்றொன்று குறுகியும் இருக்கும், பூ பெரும்பாலும் அந்தக் குறுகிய இலையின் கக்கத்திலிருந்தே புறப்படும்.