அகத்தியா, கொழுக்கட்டைப் புல்லா? தோட்டத்துக்கு ஏற்றது எது?

ஆடு மாடு வைத்திருப்போருக்குச் சித்திரை மாதம் ஒரு சோதனை. அறுவடைக்குப் பின் போர் போட்டு வைத்த சோளத்தட்டும் வைக்கோலும் குறைந்துவிடும். கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விடும். மேய்ச்சல் காட்டில் மண்தான் தெரியும். அந்தச் சமயத்தில் தீவனம் இல்லாமல் சந்தைக்குப் போகும் ஆட்டுக்குக் கேட்ட விலை கிடைப்பதில்லை. மழை பெய்த பிறகு அதே ஆட்டைத் திரும்ப வாங்க வேண்டுமானால் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டும்.

இந்த இக்கட்டைத் தவிர்க்கத் தோட்டத்திலேயே தீவனப் பயிர் வைக்க நினைப்போர் பலர். அவர்கள் முன் வரும் இரண்டு பெயர்கள் அகத்தி, கொழுக்கட்டைப் புல். ஒன்று மழை வளம் மிக்க நாட்டு மரம். மற்றது பாலைவனத்திலும் பிழைக்கும் புல். எதை வைப்பது என்பதை அக்கம்பக்கத்தாரைப் பார்த்து முடிவு செய்யாமல், தம் நிலத்தையும் நீரையும் பார்த்து முடிவு செய்வதே நல்லது.

இரண்டின் இயல்பு

அகத்தியின் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா. இந்தோனேசியாவில் நெல் வயல் வரப்புகளில் இதை வரிசையாக வளர்க்கிறார்கள். களிமண்ணிலும் வளரும், சில நாள் நீர் தேங்கினாலும் தாங்கும். மிக வேகமாக உயரும். தமிழ்நாட்டில் வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படரவும் நிழல் தரவும் இதைத்தான் நடுகிறார்கள். ஆனால் இதன் வேர் ஆழமாகப் போவதில்லை. கிளைகளும் எளிதில் முறியக்கூடியவை. நீண்ட வறட்சியில் இலையை உதிர்த்துவிடும். பலத்த காற்று வீசும் இடத்தில் நிலைக்காது.

கொழுக்கட்டைப் புல்லின் கதை வேறு. ஆப்பிரிக்கா, அரேபியா முதல் ராஜஸ்தானின் தார் பாலைவனம் வரை இது இயற்கையாக வளர்கிறது. ஜோத்பூரில் 1959ஆம் ஆண்டு அமைந்த மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் இந்தப் புல்லில் தேர்வு ரகங்களையும் வெளியிட்டுள்ளது. மண் ஆழமாக இருந்தால் இதன் வேர் இரண்டு மீட்டர் வரைகூட இறங்கும். வறட்சியில் இலை காய்ந்தாலும் தூரின் அடிப்பாகம் உயிருடன் இருக்கும். மழை பெய்த சில நாட்களில் மீண்டும் துளிர்க்கும். செம்மண், மணல் கலந்த மண், சுண்ணாம்பு கலந்த மண் ஆகியவை இதற்கு ஏற்றவை. நீர் தேங்கும் பள்ளம் மட்டும் ஆகாது. அங்கே தூர் அழுகிவிடும்.

தீவனத்தில் உள்ள வேறுபாடு

சத்தைப் பார்த்தால் அகத்திக்கே முதலிடம். அகத்தி இலையை உலர்த்தி எடை போட்டால் அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு புரதம். ஆடுகள் இதை விரும்பித் தின்னும். அமாவாசையன்று பசுவுக்கு ஒரு கட்டு அகத்திக் கீரை கொடுக்கும் வழக்கமும் நம் ஊர்களில் உண்டு. ஆனால் வயிறு நிரம்ப அகத்தியையே போடக்கூடாது. மொத்தத் தீவனத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், மீதியைப் புல்லாகவோ தட்டாகவோ கொடுக்க வேண்டும். புதிதாகக் கொடுக்கும்போது சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். கோழிகளுக்கு அகத்தி இலை ஒத்துக்கொள்வதில்லை.

கொழுக்கட்டைப் புல்லில் புரதம் குறைவு. இளம் புல்லில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் இருப்பது, விதை முற்றும்போது பாதியாகக் குறைந்துவிடும். எனவே பூக்கத் தொடங்கும் பருவத்திலேயே அறுத்துவிட வேண்டும். சத்து குறைந்தாலும் வயிற்றை நிரப்புவது புல்தான். அறுத்துக் காயவைத்துப் போர் போட்டால் கோடைக்கு உதவும். அறுக்காமல் விட்டாலும் நின்ற நிலையிலேயே காய்ந்து மேய்ச்சலுக்குக் கிடைக்கும். அகத்தியால் இதைச் செய்ய முடியாது.

அகத்தி வளர்க்கும் முறை

கிணற்று மேடு, வாய்க்கால் ஓரம், தொழுவம் கழுவும் நீர் போகும் வழி ஆகிய இடங்களே அகத்திக்கு உகந்தவை. இதற்கென்று தனியாக நீர் பாய்ச்ச வேண்டியிராது. ஒரு மீட்டர் இடைவெளியில் சிறு குழி எடுத்து, தொழு உரம் இட்டு, குழிக்கு இரண்டு விதை ஊன்ற வேண்டும். முளைத்தபின் நன்றாக உள்ள ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும். கன்றுகளை ஆடு கடிக்காமல் முள் வைத்துக் காப்பது மிக முக்கியம். முதல் வெட்டு எட்டு மாதத்துக்குப் பிறகுதான். அதன்பின் 60 முதல் 80 நாட்களுக்கு ஒருமுறை வெட்டலாம்.

வெட்டுவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். முருங்கையைப் போல மொட்டையடித்தால் அகத்தி தாங்காது; பட்டுப்போகும். தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலேயே வெட்ட வேண்டும். சில பக்கக் கிளைகளை இலையோடு விட்டுவைக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் இது நீண்ட ஆயுள் உள்ள மரமன்று. ஆகையால் ஆண்டுதோறும் சில புதுக் கன்றுகளை வைத்துக்கொண்டே வர வேண்டும்.

புல் வளர்க்கும் முறை

தண்ணீர் எட்டாத மேட்டு நிலம், மானாவாரிக் காட்டின் ஓரம், அகன்ற வரப்பு ஆகியவற்றில் கொழுக்கட்டைப் புல்லை விதைக்கலாம். ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை போதும். புதிதாகப் பறித்த விதை சரியாக முளைக்காது. ஆறு மாதமாவது வைத்திருந்த விதையே நல்லது. விதையின் மேல் பஞ்சு போன்ற சுணை இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈர மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடக்கூடாது. ஆழமாகப் புதைந்த விதை மேலே வராது.

முதல் சில வாரங்கள் வளர்ச்சி மெதுவாகவே இருக்கும். களையை எடுத்துவிட வேண்டும். விதைத்த 70 நாட்களுக்குப் பிறகு முதல் அறுப்பு எடுக்கலாம். அவசரப்பட்டு ஆட்டை விட்டுவிட்டால் புல் வேரோடு வந்துவிடும். ஒரு தூரைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். இலை மட்டும் அறுந்து, தூர் அசையாமல் இருந்தால் மேய்ச்சலுக்குத் தயார் என்று கொள்ளலாம். ஒருமுறை நிலைத்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு மறுவிதைப்பு தேவைப்படாது.

எச்சரிக்கை ஒன்று

இந்தப் புல்லை மேய்ச்சலுக்காகக் கொண்டுபோன ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் இன்று இது பெருந்தொல்லையாகிவிட்டது. காய்ந்த புல்லில் தீப் பற்றினால் கள்ளி முதலான பாலைவனத் தாவரங்கள் கருகிவிடுகின்றன. புல் மட்டும் தூரிலிருந்து மீண்டும் தழைக்கிறது. இந்தியாவில் இது வெளியிலிருந்து வந்த புல் அன்று. ஆடு மாடு மேய்வதாலும் கட்டுக்குள் இருக்கிறது. ஆயினும் வைக்கோல் போர், கூரை வீடு இவற்றை ஒட்டி விதைக்கக்கூடாது. கோடைக்கு முன் வரப்புப் புல்லை அறுத்துவிட வேண்டும்.

இரண்டும் சேர்ந்தால்

புல்லையும் மரத்தையும் சேர்த்து வளர்ப்பது புதிய யோசனை அன்று. காங்கயம், தாராபுரம் பகுதிகளில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. சுற்றிலும் கிளுவை வேலி. தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். மழை குறைந்த அந்தப் பகுதியில் காங்கயம் மாடுகளும் செம்மறி ஆடுகளும் பிழைத்து வருவது இந்த ஏற்பாட்டினால்தான். புல் வயிற்றை நிரப்புகிறது. வெள்வேலங்காய் சத்தைத் தருகிறது.

அங்கே தண்ணீர் பாய்ச்ச வழியில்லாததால் வெள்வேல் நிற்கிறது. கிணறு உள்ள தோட்டத்தில் அந்த வேலையை அகத்தி செய்யும். ஆகவே, சித்திரையிலும் ஓரளவு நீர் ஊறும் கிணறு இருந்தால் வாய்க்கால் ஓரத்தில் அகத்தியும், நீர் எட்டாத இடத்தில் புல்லும் வைப்பதே சிறந்தது. மாசி மாதத்திலேயே கிணறு வற்றிவிடும் என்றால் அகத்தியில் உழைப்பை வீணாக்காமல் புல்லை முதலில் நிலைக்கச் செய்ய வேண்டும். ஆடி, ஆவணி மழையிலோ ஐப்பசி மழையிலோ விதைத்துவிட்டால், அடுத்த சித்திரையில் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போக வேண்டிய அவசியம் பெரிதும் குறையும்.