பரணில் தூங்கும் லேப்டாப்பை எழுப்பலாமா?

சம்பா அறுப்பு முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்த ஒரு மத்தியானம். பரணிலிருந்து இறக்கிய லேப்டாப்புடன் வந்து நின்றாள் பக்கத்து வீட்டுப் பெண். பள்ளியில் படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது.

"பாப்பாவுக்கு ஆகும்னு பார்த்தேன் அக்கா. விண்டோஸ் 7-ன்னு காட்டுது. தஞ்சாவூருக்கு எடுத்துட்டுப் போய்ப் புதுசு போட்டுடவா?"

"அவசரப்படாதே. அதுல என்ன வச்சிருக்கே?" என்றேன்.

முகம் மாறிவிட்டது. வளைகாப்புப் படங்கள், காலமான அப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தானாம்!

2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை இப்படி எத்தனை வீட்டில் இருக்கின்றனவோ! அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆபரேட்டிங் சிஸ்டம்தான் கம்ப்யூட்டரை நடத்துகிறது. அதில் தெரியவரும் ஓட்டைகளைக் கம்பெனி அவ்வப்போது அடைத்துத் தரும். இந்த வழக்கமான பாதுகாப்பு விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் முடிந்தது. அதன் பிறகும் மெஷின் ஓடும். ஆனால் தாழ்ப்பாள் இல்லாத கொல்லைக் கதவு மாதிரி! அதில் பாங்க் கணக்கைத் திறக்காதீர்கள்.

அப்படியானால் விண்டோஸ் 11 போடலாமா? நீண்ட நாள் நெல்லைக் குறுவைப் பட்டத்தில் யாராவது விதைப்பார்களா? மெஷினுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி மூன்றும் தேவை. விண்டோஸ் 10 உள்ள மெஷின் என்றால், மைக்ரோசாஃப்ட் தரும் 'பி.சி. ஹெல்த் செக்' புரோகிராமே பார்த்துச் சொல்லிவிடும். பத்து வருஷத்துக்கு முந்தைய லேப்டாப் பெரும்பாலும் தேறாது.

தேறாவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் இருக்கிறது, காசு கிடையாது. நம் நாட்டு சி-டாக் நிறுவனம் தயாரித்தது 'பாஸ் லினக்ஸ்'. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் பாதுகாப்பு முடிந்தபோது, தமிழக அரசு தன் அலுவலகங்களை இதற்குத்தான் மாறச் சொன்னது. 2 ஜி.பி. ராம்தான் என்றால் 'லினக்ஸ் மின்ட்' வகையில் இலேசானதைப் பாருங்கள். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் போடலாம்.

எதைப் போட்டாலும் முதல் வேலை ஒன்று உண்டு. படங்களையும் முக்கியமான காகிதங்களையும் இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள். திறந்து பார்த்து, சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே கடைக்குக் கொடுங்கள். புதிதாகப் போடும்போது பழையது மொத்தமும் அழிந்து போகலாம்.

அவள் அப்படித்தான் செய்தாள். இப்போது அந்த லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுகிறது. பாப்பா அதில் படம் வரைகிறாள். தாத்தாவின் படங்கள் இரண்டு பென் டிரைவில், நகைப்பெட்டியோடு பீரோவுக்குள் பத்திரமாக இருக்கின்றன!