தடைப்பட்டதா, தடுத்தார்களா?

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர் தம் பழங்கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். "எட்டாம் வகுப்போடு என் படிப்பு தடைப்பட்டுப் போயிற்று" என்றார். "எதனால், அம்மா?" என்று கேட்டு வைத்தேன். மூதாட்டி சிறிது யோசித்தார். "எதனால் என்ன? அப்பா நிறுத்திவிட்டார்" என்றார்.

தடைப்படுதல் என்ற சொல்லின் சாமர்த்தியம் முழுவதும் இதில் வெளியாகிவிட்டது. 'படு' என்பது வந்து ஒட்டிக்கொண்டால் போதும். பட்டவர் மட்டும் வாக்கியத்தில் நிற்பார், செய்தவர் மெல்ல நழுவிவிடுவார். மழையினால் தேரோட்டம் தடைப்பட்டது என்றால் குற்றமில்லை. மழையின் மீது யார் பிராது கொடுப்பது? ஆனால் மழையும் தகப்பனாரும் ஒன்றாவார்களா? 'படிப்பைத் தடுத்தார்கள்' என்று சொல்லிப் பாருங்கள், 'யார்?' என்ற கேள்வி உடனே எழும். 'தடுக்கப்பட்டது' என்றாலும், 'யாரால்?' என்று கேட்க இடமுண்டு. 'தடைப்பட்டது' என்றாலோ, ஏதோ கிரகசாரம் போலும் என்று கேட்பவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் பந்திக்கு எழுந்து போய்விடுகிறார். நம் வீடுகளில் எத்தனை பெண்களின் படிப்பும் பாட்டும் இப்படிக் கர்த்தா இல்லாமலே நின்று போயினவோ!

தடங்கல் அவ்வளவு பொல்லாதது அல்ல. பிரசங்கியாருக்கு விக்கல் எடுத்தால் அது தடங்கல். இடையூறு சற்றுப் பெரியது.

தடை வேறு, தடைப்படுவது வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் உப்பு எடுக்கக் கால்நடையாகப் புறப்பட்டார். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தை எந்தச் சட்டப்படி தண்டிப்பது? 28-ந் தேதி படை வேதாரணியம் போய்ச் சேர்ந்தது. தடை விதித்தவரின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது; யாத்திரை மட்டும் தடைப்படவில்லை.

"நீங்கள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லையா?" என்று மூதாட்டியைக் கேட்டேன்.

"சொல்லவில்லை. புஸ்தகங்களை மட்டும் நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அப்புறம்..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் கெட்டிமேளம் முழங்கவே, பேச்சு தடைப்பட்டது.