எரிமலை இல்லாத தீவில் வெந்நீர் எப்படி?

பதுளை நகருக்கு அருகே, பதுளு ஓயா துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாக 64 மீட்டர் உயரத்திலிருந்து பள்ளத்தாக்கில் விழுகிறது. முகத்தில் படும் சாரல் குளிர்ந்திருக்கும். அங்கிருந்து வடகிழக்கே, மலைகள் தாழ்ந்து சமவெளியாகும் மஹாஓயா எனும் ஊரிலோ நிலத்துக்குள்ளிருந்து வெந்நீர் ஊறுகிறது. அதன் வெப்பம் ஏறத்தாழ 55 பாகை செல்சியஸ். கை வைத்திருக்க முடியாத சூடு. திருகோணமலையின் கன்னியா கிணறுகளும் வெந்நீர் ஊற்றுகளே. இலங்கையில் எரிமலை இல்லை. பிறகு சூடு எங்கிருந்து வருகிறது?

விடை பாறையின் வெடிப்புகளில் இருக்கிறது. பதுளை மலைகள் ‘உயர்நிலத் தொகுதி’ எனும் பழம்பாறைகளைச் சேர்ந்தவை. கிழக்குச் சமவெளி ‘விஜயன் தொகுதி’. கோண்டுவானா பெருங்கண்டம் உருவான காலத்தில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இவ்விரண்டும் மோதி இணைந்தன. நாட்டின் வெந்நீர் ஊற்றுகளில் பெரும்பாலானவை இந்த எல்லையை ஒட்டியே இருக்கின்றன.

மழைநீர் வெடிப்புகள் வழியே கீழே இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் சுமார் 25 பாகை கூடும். இப்படி ஆழத்தில் சூடேறிய நீர், பெரிய பிளவு ஒன்று கிடைத்தால், ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. நெருப்பே தேவையில்லை, ஆழமும் வழியும் போதும்.

ஆறு மலையை அறுத்துப் பள்ளத்தாக்கு ஆக்குவதும் பெரும்பாலும் பாறை வெடித்து வலுவிழந்த இடங்களில்தான். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்கு வரும் பீலித் தண்ணீரும் மலைக்குள் ஊறி வருவதுதான், ஆழம் மட்டும் குறைவு.

நீர் செல்லும் அந்த வழிகளைக் குலைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பதுளை அடங்கிய ஊவா மாகாண மக்கள் பட்டறிந்திருக்கிறார்கள். உமா ஓயா நீர்மின் திட்டத்துக்காகச் சுரங்கம் குடைந்தபோது, 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் அதற்குள் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின; வீடுகளில் விரிசல் விழுந்தது. 2017இல் மக்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இனி இந்த மலையில் எதைக் குடைவதானாலும், முதலில் அங்குள்ள ஊற்றுகளையும் பீலிகளையும் கிணறுகளையும் வரைபடத்தில் குறித்து, அவற்றின் நீரளவைப் பதிவுசெய்ய வேண்டும். அந்த நீரைக் குடிக்கும் மக்களின் சம்மதமும் குடைவதற்கு முன்பே பெறப்பட வேண்டும்.