கோணேசர் மலையில் தவறியது, தரங்கம்பாடியில் வேர்விட்டது

திருகோணமலைத் துறைமுகத்துக்கும் தமிழ் லுத்தரன் சபைக்கும் உள்ள 400 ஆண்டுத் தொடர்பு

திருகோணமலையை ஆண்ட அந்நியரை எண்ணச் சொன்னால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பாடசாலைப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இவர்கள் எல்லோருக்கும் முன்பே கோணேசர் மலையில் கோட்டை கட்ட முனைந்தவர்கள் டென்மார்க் நாட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. அந்த முயற்சி தோற்றது. தோற்றுத் திரும்பிய அதே கப்பல்கள் அக்கரையில் ஒதுங்கிய இடத்தில்தான், பின்னாளில் தமிழரின் முதல் லுத்தரன் சபை பிறந்தது.

1620 மே மாதம் அந்தக் கப்பல்கள் திருகோணமலையை அடைந்தன. கொப்பன்ஹேகனிலிருந்து அவை புறப்பட்டது 1618 நவம்பரில். ஒன்றரை வருடப் பயணத்தில் நோய்க்கு இரையானவர்கள் நூற்றுக்கணக்கில். தலைவன் ஓவே கெட்டே புறப்பட்டபோது 24 வயதுகூட நிரம்பாத இளைஞன். அவர்கள் நாடான டென்மார்க்கில் 1536 முதல் லுத்தரன் மார்க்கமே அரச மார்க்கமாக இருந்தது.

கண்டியில் கைவிட்ட ஒப்பந்தம்

இவர்களை இங்கே வரவழைத்தது மார்செலிஸ் டி பொஷவர் என்ற ஒல்லாந்தரின் வாக்கு. கண்டி அரசவையில் சில காலம் இருந்த அவர், போர்த்துக்கேயருக்கு எதிராக உதவி தேடி ஐரோப்பா சென்றார். சொந்த நாட்டில் எதிர்பார்த்தது கிடைக்காததால் டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்தியானை நாடி, 1618 மார்ச்சில் கண்டி மன்னன் செனரத்தின் பெயரில் ஒப்பந்தமும் செய்தார். திரும்பி வரும் வழியில் கடலிலேயே இறந்துபோனார். இதற்கிடையில், 1617இலேயே செனரத் போர்த்துக்கேயருடன் சமாதானம் செய்துவிட்டிருந்தான். பொஷவர் கொடுத்த வாக்குறுதிகளுக்குத் தான் பொறுப்பல்ல என்றான். கெட்டே கண்டிக்கே நேரில் போய்ப் பேசினார். திருகோணமலையில் இடம் தருவதாக ஓர் உடன்பாடு கிடைத்தது. கோட்டை வேலையும் தொடங்கியது. ஆனால் அரசனின் ஆதரவும் இல்லை, போதிய ஆட்பலமும் இல்லை என்ற நிலையில் அந்த வேலை நிலைக்கவில்லை.

பிறகு நடந்தது நாம் மறக்க முடியாதது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தினோ டி சா கோணேசர் கோயிலை இடித்தான்; அந்தக் கற்களையே கொண்டு கோட்டை எழுப்பினான். இன்றைய பிரெடரிக் கோட்டையின் தொடக்கம் அதுவே. கடல்வழி வந்த ஐரோப்பியர் கிறிஸ்தவத்தின் பெயரையும் பீரங்கியையும் ஒன்றாகச் சுமந்து வந்தார்கள் என்ற கசப்பு இந்த ஊருக்கு நியாயமாகவே உண்டு. லுத்தரன் சபையின் வரலாற்றை எழுதும்போதும் அந்தக் கசப்பை ஒதுக்கிவைக்கக் கூடாது.

அக்கரையில் கிடைத்த துறை

கெட்டேக்கு முன்னோடியாக வந்த ரோலண்ட் கிராப்பேயின் கப்பலைப் போர்த்துக்கேயர் காரைக்காலுக்கு அருகே அழித்தார்கள். உயிர் தப்பிய சிலருடன் அவர் தஞ்சை நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். கண்டியில் கிடைக்காத ஆதரவு தஞ்சையில் கிடைத்தது. 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டென்மார்க் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். டென்மார்க் அரசனுக்கு அவர் பொன்னேட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கொப்பன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. கடற்கரையில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது.

கோட்டை வந்ததும் சபை வந்துவிடவில்லை. டென்மார்க்கிலிருந்து வந்த குருமார் தங்கள் நாட்டவருக்குத் தங்கள் மொழியில் ஆராதனை நடத்தினார்கள். 1701இல் அவர்களுக்கென்று சீயோன் ஆலயமும் கட்டப்பட்டது. வாசலுக்கு வெளியே நின்ற தமிழரிடம் அவர்கள் பேச முயன்றதாகச் சொல்ல அதிகமில்லை. கோட்டை எழுந்து 86 ஆண்டுகள் கழிந்த பிறகே அந்த நிலை மாறியது.

1706 ஜூலை 9ஆம் தேதி பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளுட்சோ என்ற இரு ஜெர்மானியர், டென்மார்க் அரசன் அனுப்பிய லுத்தரன் மிஷனரிகளாகத் தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்கு செய்த முதல் காரியம், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அரிச்சுவடி எழுதிப் பழகியது. ஏடுகளைத் தேடித் தேடி வாசித்தார். 1707 மே மாதம் முதல் ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். டேனிஷ் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள் அவர்கள். தமிழ் லுத்தரன் சபையின் முதல் உறுப்பினர்கள் அந்த அடிமைகளே என்பதை இந்த வரலாற்றைச் சொல்லும் எவரும் முதலில் சொல்ல வேண்டும்.

கம்பெனி ஆட்சி இதை விரும்பவில்லை. 1708இல் ஆளுநர் ஹாசியஸ் சீகன்பால்குவைக் கோட்டையில் நான்கு மாதம் சிறைவைத்தார். ஒரே அரசனின் கொடிக்குக் கீழே கோட்டைக்கும் சபைக்கும் இடையே இப்படி ஒரு பிளவு. 1714இல் தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் முதல் பகுதி அச்சானது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு, 36 வயதில் சீகன்பால்கு காலமானார்.

தமிழ்க் குருவும் தீராத குறையும்

1733 டிசம்பரில் கடலூரைச் சேர்ந்த ஆரோன் குருப்பட்டம் பெற்றார். தமிழரில் முதல் லுத்தரன் குரு அவரே. அதே காலத்தில் ஊர் ஊராக நடந்து சபைகளை வளர்த்த உபதேசியார் இராஜநாயக்கனுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதே தடையாக நின்றது. ஆலயத்துக்குள்ளும் சாதி பார்த்து இடம் பிரித்து உட்கார்ந்தார்கள். தமிழரோடு அமர்ந்து தமிழ் கற்ற சபை, தமிழரின் கொடிய நோயையும் உள்ளே விட்டது. அதைச் சொல்லாத சபை வரலாறு அரை வரலாறு.

கடல் தாண்டி வந்தவர்கள்

இந்தச் சபையின் வாசனை நம் தீவுக்கும் வீசியது. 1760இல் லுத்தரன் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் தரங்கம்பாடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம், கொழும்பு வரை வந்து பிரசங்கித்தார். அவருடைய மாணவரான தஞ்சைப் பகுதித் தமிழர் கிறிஸ்டியன் டேவிட், 1801இல் இலங்கையின் ஆங்கிலேய ஆளுநர் நோர்த்தின் அழைப்பின்பேரில் யாழ்ப்பாணம் வந்து ஊழியம் செய்தார். 1824இல் பேராயர் ஹீபர் கல்கத்தாவில் அவருக்கு ஆங்கிலிக்கன் குருப்பட்டம் கொடுத்தார். லுத்தரன் ஆசிரியரிடம் கற்ற தமிழர் ஒருவர், இலங்கையின் ஆங்கிலிக்கன் திருச்சபையில் முன்னோடிக் குருவானார்.

தரங்கம்பாடியை டென்மார்க் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. கொடி இறங்கியது, சபை நின்றது. 1919இல் அது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக உருப்பெற்றது. இலங்கையில் லுத்தரன் ஊழியம் இருபதாம் நூற்றாண்டில் மலையகத் தோட்டத் தமிழரிடையே வேர்விட்டது.

இந்த முழு வரலாறும் ஒன்றை அழுத்திச் சொல்கிறது. திருகோணமலையில் ஒப்பந்தமும் கப்பலும் இருந்தன. தரங்கம்பாடியில் கோட்டையும் இருந்தது. இவற்றால் ஒரு தமிழ்ச் சபையும் உண்டாகவில்லை. இந்த மக்களின் மொழியைக் கற்று அவர்கள் பக்கத்தில் உட்கார ஒருவர் வந்த பிறகும், அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டு அடிமைகளும் உபதேசியார்களும் சுமந்த பிறகுமே அது உண்டானது. ஆகவே இது டென்மார்க்கின் வரலாற்றைவிட நம் வரலாறு. கெட்டேயின் பயணக் குறிப்புகள் கொப்பன்ஹேகனில் இருக்கின்றன. சீகன்பால்கு கால ஆவணங்களும் தமிழ் ஓலைகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கின்றன. அவற்றை இந்த ஊரின் கண்ணோடு வாசிக்கத் திருகோணமலையிலிருந்து ஆய்வாளர்கள் போக வேண்டும். கோட்டைக்கு வரும் மாணவர்களுக்கு 1620இன் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.